கிளட்ச் பிளேட்டை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ எடுங்க

'டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ்' பேப்பரில் கிளட்ச் கணக்கு வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். யூனிஃபார்ம் பிரஷரா, யூனிஃபார்ம் வியரா என்று பார்த்து, ஃபார்முலாவில் எண்ணைப் போட்டால் மார்க். நானும் அப்படித்தான் பாஸ் பண்ணேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்க பெரியப்பா வீட்டு டிராக்டர் ரெண்டு வருஷத்தில் ரெண்டு கிளட்ச் பிளேட்டைத் தின்ன பிறகுதான் அந்த ஃபார்முலாவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

போன வருஷம் புரட்டாசியில் சேற்றுழவு நடக்கும்போது முதல் பிளேட் போச்சு. பட்டறையில் வண்டியைப் பிரிச்சு புதுசு போட்டாங்க. இந்த வருஷம் வீராணத்தில் தண்ணி வந்து, கேஜ் வீல் மாட்டி நாலு நாள் ஓட்டியிருப்பார். மறுபடி அதே கதை. இன்ஜின் கத்துது, வண்டி நகரல, கருகல் வாசனை. வாடகை உழவுக்குச் சொல்லி வச்சிருந்த ஆறு வீட்டுக்காரங்க வேற வண்டி தேடிப் போயிட்டாங்க. நாற்று வயசு ஏறிட்டா யாரும் காத்திருக்க மாட்டாங்க.

"இன்ஜினியரிங் படிக்கிறியேடா தம்பி, இது ஏன் திரும்பத் திரும்பப் போவுது?" என்றார் பெரியப்பா. எனக்குப் பதில் தெரியல. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடின கதை. நம்ம அண்ணாமலை நகரில் படிக்கிறவங்களில் பாதிப் பேர் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் ஒரு பழைய டிராக்டர் நிற்கும். உங்களுக்குப் பயன்படும் என்று நம்புறேன். வண்டியின் கம்பெனிப் பெயரைச் சொல்லப் போறதில்ல. தப்பு கம்பெனியுடையது இல்ல.

முதலில் ஒரு அடிப்படை. காரில் சட்டம் தனி, இன்ஜின் தனி. பழைய டிராக்டரில் இன்ஜின் பிளாக், கிளட்ச் இருக்கிற உறை, கியர்பாக்ஸ், பின் ஆக்சில் உறை எல்லாம் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு, அதுவேதான் சட்டம். அதனால் கிளட்ச் பிளேட்டைத் தொடணும்னா வண்டியை நடுவில் ரெண்டாகப் பிரிச்சாகணும். முன் பாதிக்குத் தனி முட்டு, பின் பாதிக்குத் தனி முட்டு. பிளேட் விலையைவிட இந்த வேலையும், வண்டி நிற்கிற நாட்களும்தான் அதிகம் வலிக்கும். ஆகவே பிரிக்கிறதுக்கு முன்னாடி வெளியிலிருந்தே எவ்வளவு தெரிஞ்சுக்க முடியுமோ அவ்வளவும் தெரிஞ்சுக்கணும்.

வழுக்குறது கிளட்ச்சா, டயரா?

சேற்றில் இது பெரிய குழப்பம். இன்ஜின் சுத்துது, வண்டி நகரல என்றால் ரெண்டு காரணம் இருக்கலாம். சக்கரம் சுத்தியும் மண் பிடிக்காமல் வழுக்கலாம். அது டயருக்கும் மண்ணுக்கும் நடுவில். இல்லை, சக்கரமே சரியாகச் சுத்தாமல் இருக்கலாம். அது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். நம்ம பக்கத்துக் களிமண் சேற்றில் முதல் வகை சாதாரணம். அதனால் வண்டி எவ்வளவு தூரம் போச்சுன்னு பார்க்காதீங்க. சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணுங்க.

ஒரு கியரில் இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் மாறவே முடியாது. எல்லாம் பல் சக்கரம். நடுவில் வழுக்கக்கூடிய ஒரே இடம் கிளட்ச். விகிதம் மாறினால் கிளட்ச் வழுக்குது என்று அர்த்தம். இதை அளக்க வேண்டியது இன்ஜின் வேகமும் சக்கர வேகமும். பழைய வண்டியில் மீட்டர் வேலை செய்யாது. எங்க வண்டியில் முள்ளே இல்ல. ஆனால் உங்க கையில் போன் இருக்கு.

மூணு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை வெடிப்பு நடக்கும். 1500 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 25 சுற்று, அப்போ 37.5 ஹெர்ட்ஸ். வீடியோவில் இருக்கிற சத்தத்தை எடுத்து, ஏதாவது ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப்பில் போட்டால் இந்த இடத்தில் ஒரு முகடு தெரியும். போன் மைக் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காவிட்டாலும் அதன் மடங்குகளான 75, 112.5 ஹெர்ட்ஸ் தெரியும். டாப்ளர் விளைவு கெடுக்குமே என்று யோசிக்கிறவங்களுக்கு: மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் அது 1 சதவீதம் அளவுதான், விடுங்க.

பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு. ஓரமாக, வண்டிப் பாதையிலிருந்து தள்ளி நின்று வீடியோ. முதலில் சமதளத்தில், டிரெய்லர் இல்லாமல். அடுத்து அதே கியரில், லோடு டிரெய்லரோடு, வடவாற்றுக் கரைமேல் ஏறுற சரிவில். ஒரே வீடியோவில் சத்தமும் இருக்கு, சக்கரமும் இருக்கு.

சமதளத்தில் எங்களுக்குக் கிடைச்சது: 37.5 ஹெர்ட்ஸ், 5 சுற்றுக்கு 5 நொடி. அதாவது இன்ஜின் 1500, சக்கரம் 60, விகிதம் 25. சரிவில்: 42 ஹெர்ட்ஸ், 5 சுற்றுக்கு 5.2 நொடி. இன்ஜின் 1680, சக்கரம் 57.7, விகிதம் 29.1. இன்ஜின் வேகம் கூடியிருக்கு, சக்கரம் குறைஞ்சிருக்கு. 25-ஐ 29.1-ஆல் வகுத்தால் 0.86. கிட்டத்தட்ட 14 சதவீதம் வழுக்கல். டயர் மேல் பழி போட வழியே இல்ல, ஏன்னா நாம் எண்ணினது சக்கரச் சுற்றை.

பட்டறையில் வேறு ஒரு சோதனை செய்வாங்க. பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, உயர்ந்த கியரில் போட்டு, இன்ஜினை மிதமான வேகத்தில் வச்சு கிளட்சை விடுறது. நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அணைஞ்சிடும். அணையாமல் ஓடிக்கிட்டே இருந்தால் வழுக்குது. நல்ல சோதனைதான், ஆனால் முன்னால் யாரும் நிற்கக்கூடாது, ரெண்டு மூணு நொடிக்கு மேல் செய்யக்கூடாது. செய்யுற ஒவ்வொரு முறையும் பிளேட் கொஞ்சம் கருகுது.

ஃபார்முலா எங்கே உதவுச்சு

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை = உராய்வுப் பரப்புகளின் எண்ணிக்கை × உராய்வுக் கெழு × ஸ்பிரிங் அழுத்தும் விசை × சராசரி ஆரம். ஒரு 35 குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துக்குவோம். 2000 ஆர்.பி.எம்-மில் அது தருவது சுமார் 123 நியூட்டன் மீட்டர். பாதுகாப்புக்கு ரெண்டு மடங்கு வச்சு கிளட்சை வடிவமைப்போம். ரெண்டு பரப்பு, கெழு 0.3, ஆரம் 0.12 மீட்டர், விசை 3400 நியூட்டன் என்றால் 245 நியூட்டன் மீட்டர் வருது. போதும், போதும்.

இப்போ அதே பிளேட்டில் எண்ணெய் படுது. ஸ்பிரிங் அப்படியே இருக்கு, தடிமன் அப்படியே இருக்கு. கெழு மட்டும் 0.1-க்கு இறங்கினால்? 82 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தருவது 123. புது பிளேட்டே ஆனாலும் வழுக்கும். இன்னொரு விஷயம், 82-க்குக் கீழே கேட்கிற வேலைக்கு அது வழுக்கவே வழுக்காது. பட்டறை வாசலில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் அருமையாக ஓடும். லோடு ஏறினால்தான் பல்லிளிக்கும். போன வருஷம் பட்டறையிலிருந்து "சூப்பரா இருக்குண்ணே" என்று சொல்லி அனுப்பினது இதனால்தான். அவர் பொய் சொல்லல.

சரிவில் நாங்க பார்த்த வழுக்கலில் கிளட்ச்சின் ரெண்டு பக்கத்துக்கும் வேக வித்தியாசம் சுமார் 238 ஆர்.பி.எம். அதை 82 நியூட்டன் மீட்டரோடு பெருக்கினால் ஏறக்குறைய 2 கிலோவாட். வீட்டுக் குளியலறை கீசர் ஒன்றை கிளட்ச் உறைக்குள்ளே போட்டு மூடி வச்ச மாதிரி. கருகல் வாசனைக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சரி, எண்ணெய் இருக்குன்னு பிரிக்காமலே எப்படித் தெரியும்? வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்க. (இன்ஜின் அணைச்சு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னால் கலப்பையைத் தரையில் இறக்கி வச்ச பிறகு.) கிளட்ச் உறையின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஒரு காட்டர் பின் தொங்கி ஆடிக்கிட்டு இருக்கும். சேறு அடைக்காமல் இருக்கத்தான் அந்த ஆட்டம். உள்ளே எண்ணெய் கசிஞ்சால் அந்த ஓட்டை வழியாகச் சொட்டும், நமக்குத் தெரியும். ஆனால் சேற்றுழவுக்கு இறங்கும்போது தண்ணி உள்ளே போகாமல் இருக்க அந்த ஓட்டையில் ஒரு பிளக் போடுவாங்க. உழவு முடிஞ்சதும் எடுத்துடணும்.

எங்க பெரியப்பா எடுக்கல. ரெண்டு வருஷமாக.

பிளக்கைக் கழற்றினதும் கறுப்பாக, டம்ளர் கணக்கில் ஊத்துச்சு. விரலில் தொட்டுப் பார்த்தோம். கறுப்பாக, மெலிசாக, புகை வாசனையோடு இருந்தால் அது இன்ஜின் ஆயில். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போயிருக்கு. மஞ்சளாக, கெட்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய். முன்னால் இருக்கிற இன்புட் ஷாஃப்ட் சீல். எங்களுடையது முதல் வகை. போன வருஷம் பிரிச்சப்போ உள்ளே துடைச்சு, பிளேட்டை மட்டும் மாத்தி, சீலைத் தொடாமல் மூடியிருக்காங்க. ஏற்கெனவே பிரிச்சுப் போட்ட வண்டியில் ஒரு சீல் மாத்துறது கூடுதலாக ஒரு வேளை வேலை. அதைச் செய்யாததால் முழு வண்டியை மறுபடி பிரிக்க வேண்டியதாச்சு.

பெடல் சொல்லும் பொய்

எல்லாக் கிளட்ச் கோளாறும் எண்ணெய் இல்ல. பெடலை விரலால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் லேசாகப் போகும், பிறகு கனக்கும். அந்த லேசான தூரம்தான் ஃப்ரீ பிளே. பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், உங்க வண்டிக்கு உரியதை மேனுவலில் பாருங்க.

பிளேட் தேய்ஞ்சால் ஃப்ரீ பிளே கூடும்னு நான் நினைச்சிருந்தேன். தலைகீழ். பிளேட் மெலிஞ்சால் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகருது. அதன் விரல்களின் உள்முனை எதிர்ப்பக்கம், ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருது. இடைவெளி குறையுது. முழுசும் போனால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கிட்டே இருக்கும். யாரோ பெடலில் காலை வச்சிருக்கிற மாதிரி. ஸ்பிரிங் விசையில் ஒரு பங்கு அதிலேயே போயிடும், பிளேட் வழுக்கும், இன்னும் வேகமாகத் தேயும். ராடைச் சரிபண்ணி ஃப்ரீ பிளேயைத் திரும்பக் கொடுத்தாலே பல வண்டிகள் இன்னொரு பருவம் ஓடும்.

ஆனால் பழைய வண்டியில் பெடல் பின், புஷ், ராடின் கிளெவிஸ் எல்லாம் தேய்ஞ்சு லொடலொடன்னு இருக்கும். அந்த ஆட்டமும் பெடலில் ஃப்ரீ பிளே போலவே தெரியும். பெடலில் 30 மி.மீ. இருக்குன்னு நிம்மதியாக இருப்பீங்க. உள்ளே பேரிங் உரசிக்கிட்டு இருக்கும். அதனால் ரெண்டு இடத்தில் அளங்க. பெடலில் ஒன்று, உறையிலிருந்து வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற ரிலீஸ் ஃபோர்க் கையில் நேரடியாக ஒன்று. ராடைக் கழற்றிவிட்டு அந்தக் கையை ஆட்டினால் உண்மையான இடைவெளி தெரியும்.

கியர் போடும்போது கரகரன்னு கத்துதா? அது எதிர்க் கோளாறு, கிளட்ச் விடமாட்டேங்குது. ஃப்ரீ பிளே அதிகமாகியிருக்கலாம், பிளேட் வளைஞ்சிருக்கலாம். கோடையில் மாசக்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடிச்சு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கிறதும் உண்டு. நிறுத்தி வைக்கும்போது பெடலை அழுத்தி ஒரு கட்டையைக் கொடுத்து வச்சால் இது வராது. பெடலை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்க.

பிரிக்கும்போது உறைக்குள்ளே இருக்கிற கறுப்புத் தூசியைக் காற்றடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைங்க.

ஹைட்ராலிக் தூக்கலன்னா கிளட்சையும் பாருங்க

இதைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் வரலாறு வேணும். டிராக்டருக்குப் பின்னால் மூணு புள்ளியில் கருவியை மாட்டி, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கி, இழுவைக்குத் தகுந்தபடி ஆழத்தை அதுவே சரிசெய்யும் முறை அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசனுடையது. 1936-இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டரில் அது விற்பனைக்கு வந்தது. 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம், 1939-இல் ஃபோர்டு 9என், 1946-இல் டி.இ.20. பிறகு 1953-இல் மாஸி-ஹாரிஸோடு இணைப்பு. அந்தக் குடும்பத்தின் மாஸி பெர்குசன் 35-தான் சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே மூலமாக 1035 என்ற பெயரில் நம்ம வயல்களுக்கு வந்தது. வேறு வேறு கம்பெனி வண்டிகளிலும் பின்னால் இருக்கிற அந்த மூணு கை அவர் போட்ட கோலம்தான்.

பெர்குசன் வழி வந்த பழைய வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் பின் உறைக்குள்ளே, எண்ணெயில் மூழ்கி இருக்கும். அதைச் சுத்துறது பி.டி.ஓ. பக்கத்து ஷாஃப்ட். டூயல் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி அழுத்தினால் சக்கரம் நிற்கும். முழுசும் அழுத்தினால் பி.டி.ஓ-வும் பம்பும் நிற்கும். அப்படியென்றால் ரெண்டாவது பிளேட் வழுக்கினால்? பம்ப் மெதுவாகச் சுத்தும், ரோட்டவேட்டர் சோம்பலாகத் தூக்கும். பெடலில் காலை வச்சே ஓட்டுற டிரைவராக இருந்தால் இதுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுக்கிறவங்க உண்டு. பி.டி.ஓ. லீவரே போடாமல் "தூக்கல" என்று வருவதும் உண்டு. சிரிக்காதீங்க, நானும் ஒரு தடவை செஞ்சேன்.

தூக்கின கருவி நிற்காமல் இறங்குதா, இல்லை வெறுமனே ஆடுதா என்று பிரிக்கிறது சுலபம். கலப்பையைத் தூக்கி, இன்ஜினை அணைச்சு, லோயர் லிங்க் முனையின் உயரத்தைச் சுவரில் குறிச்சு, கால் மணி நேரம் கழிச்சுப் பாருங்க. அடியில் யாரும் போகாமல். இறங்கியிருந்தால் உள்ளே சிலிண்டரிலோ வால்விலோ கசிவு. இன்ஜின் ஓடும்போது தூக்கின கருவி விக்கல் எடுக்கிற மாதிரி இறங்கி இறங்கி ஏறினாலும் அதே நோய். இறங்கவே இல்லை, ஆனால் கையால் ஆட்டினால் லொடலொடங்குதுன்னா கோளாறு எண்ணெயில் இல்ல, பின்னில்.

இந்தத் தேய்மானத்தை 'ரெண்டு மி.மீ. தானே' என்று விடுறோம். லிஃப்ட் ராடு லோயர் லிங்கை ஏறக்குறைய நடுவில் பிடிக்குது. அங்கே மேல் பின், கீழ் பின் ரெண்டிலும் சேர்ந்து 4 மி.மீ. ஆட்டம் என்றால் லிங்க் முனையில் 8. வலது, இடது ரெண்டும் வேறு வேறு அளவில் தேய்ஞ்சிருந்தால் கலப்பை ஒரு பக்கம் ஆழமாகப் போகும். வலது லிஃப்ட் ராடில் இருக்கிற திருகை எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது.

பெரிய காரணம் பின்னுக்குப் பதிலாகக் கிடைச்சதை மாட்டுறது. இந்த அளவு வண்டிகளின் மூணு புள்ளி இணைப்பில் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. நம்ம ஊரில் பின் தொலைஞ்சால் ஒரு போல்ட்டைச் சொருகிடுவோம். போல்ட்டின் மரை அரம் மாதிரி ஓட்டையை அராவும். வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிடும். அதன்பிறகு புதுப் பின் போட்டாலும் ஆட்டம் போகாது. ஓட்டையை லேத்தில் பெரிசாக்கி புஷ் அடிக்கணும், அல்லது லிங்க் முனையையே மாத்தணும்.

டாப் லிங்க் ஆட்டம் இன்னும் சுவாரஸ்யம். டிராஃப்ட் கன்ட்ரோலில் அந்த லிங்க்தான் உணர்கருவி. அது தள்ளுகிற, இழுக்கிற விசையால் ஒரு தடித்த ஸ்பிரிங் சில மி.மீ. மட்டும் நகரும், அந்த நகர்வைப் பார்த்துத்தான் வால்வு திறக்குது. பின்னில் 3 மி.மீ. ஆட்டம் இருந்தால்? விசை ஒரே திசையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, ஆட்டம் ஒரு பக்கமாக அழுந்தி நிற்கும். விசை திசை மாறும்போதுதான் செய்தி தொலையும். இளகின சேற்றில் விசை பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே இப்படியும் அப்படியும் அலையும். கலப்பை நீச்சலடிக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் 'பேக்லாஷ்' என்று ஒரு வரைபடம் போட்டு, தூங்கிப்போனோமே, அதுதான் இது. எப்படியும் சேற்றுழவில் டிராஃப்ட் லீவரை விட்டுட்டு பொசிஷன் லீவரில் ஓட்டுறதே நல்லது.

எங்க வண்டியில் கடைசியில் மாறினவை: கிராங்க் பின்பக்க சீல், கிளட்ச் பிளேட், பெடல் புஷ், லோயர் லிங்க் முனை ரெண்டு, டாப் லிங்க் பின். ஃப்ளைவீல் முகத்தில் நீல நீலமாகச் சூட்டுத் தழும்பு இருந்ததால் லேத்தில் லேசாக முகம் எடுத்தோம். அதே சரிவு, அதே டிரெய்லர், மறுபடி வீடியோ. விகிதம் 25.1. அந்த 0.1 என் விரல் ஸ்டாப்வாட்ச் தப்பு என்றே நினைக்கிறேன்.

ஆறு வீட்டுக்காரங்களில் ரெண்டு பேர் திரும்பி வந்தாங்க. பிளக் இப்போ பெரியப்பாவின் சாவிக்கொத்தில் தொங்குது. சேற்றில் இறங்கும்போது எடுத்து மாட்டுறார், வண்டி கரையேறினதும் கழற்றி மறுபடி கொத்தில் கோத்துக்கிறார்.